இருந்ததா, இருந்ததாமா?

போன வருடம் ஒரு சிறுவர் இதழுக்குக் கதை ஒன்று எழுதிக் கொடுத்தேன். தென் சிலியில் வாழும் மபூச்சே மக்கள் தங்கள் தொடக்கத்தைப் பற்றிச் சொல்வது. கடலில் ஒரு பாம்பு, மலையில் ஒரு பாம்பு, நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்கள். இரண்டு வாரம் ஆனது, அதில் பாதி நேரம் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலேயே போனது. கடல் பாம்பின் பெயரைக் கைக்கை என்று எழுதினால் கை ஞாபகம் வருகிறது, காய்காய் என்றால் மார்க்கெட் ஞாபகம் வருகிறது, கடைசியில் கய்கய் என்று வைத்தேன். இதழ் வீட்டுக்கு வந்தது. ஓவியர் பாம்புகளைப் பிரமாதமாக வரைந்திருந்தார். வாசிக்க ஆரம்பித்ததும் ஏதோ இடறியது. ‘கடலில் ஒரு பாம்பு இருந்தது’ என்று நான் எழுதியது அச்சில் ‘இருந்ததாம்’ ஆகியிருந்தது. அடுத்த வரியில் ‘கனைத்ததாம்’. அதற்கடுத்து ‘தண்ணீர் ஏறியதாம்’. கதை முழுக்க ஒரு வினைச்சொல் விடாமல் ஆம், ஆம், ஆம்.

ஆசிரியர் பல வருடப் பழக்கம், அதனால் உடனே கூப்பிட்டுக் கேட்டேன். “கதைன்னா அப்படித்தானே சார், ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்னுதானே ஆரம்பிப்போம், பசங்களுக்கு அப்பத்தான் ஒட்டும்” என்றார். சரி, இதே இதழில் நோவாவின் பேழையைப் போட்டால் ‘ஆம்’ போடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து “போட மாட்டோம்” என்றார். ராமாயணம்? “ஐயையோ.” இருவரும் சிரித்துவிட்டு போனை வைத்தோம். ஆனால் எனக்கு அது அடங்கவில்லை. யாரோ ஒருவர் நம்பினால் நமக்குத் தொல்லை வரும் என்கிற கதைக்கு ‘இருந்தது’, தொல்லை வராத தூரத்தில் இருப்பவர்களின் கதைக்கு ‘இருந்ததாம்’. அந்த இரண்டெழுத்து ஒட்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றியது. இப்போது அந்த இதழில் வந்த கதைகளைச் சிறு புத்தகமாகத் தொகுக்கிறார்கள், வேண்டுமானால் திருத்தித் தாருங்கள் என்றார்கள். திருத்த உட்கார்ந்தவன் இரண்டு மாதமாக உட்கார்ந்தே இருக்கிறேன்.

கனைப்பும் பதிலும்

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மபூச்சே மொழியில் ஃபிலு என்றால் பாம்பு. கடலுக்குரிய பாம்பு ‘கய், கய்’ என்று கனைக்க, கடல் ஏறத் தொடங்குகிறது. நிலத்துக்குரிய பாம்பு ‘ட்ரெங், ட்ரெங்’ என்று பதில் கொடுக்க, அது குடியிருக்கும் மலை தண்ணீரோடு சேர்ந்து உயர்கிறது. பாம்புகளின் பெயரே அவற்றின் குரல்தான். மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஓடுகிறார்கள். பிந்தியவர்களைக் கடல் எடுத்துக்கொள்கிறது. அவர்கள் செத்துப்போவதில்லை, மீனாகிறார்கள், கடலுக்குரிய வேறு உயிர்களாகிறார்கள், பாறையாகிறார்கள். மலை உயர்ந்து உயர்ந்து சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட, மேலே இருப்பவர்கள் வெயிலில் வெந்து போகாமல் இருக்கத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வடியும்போது மிஞ்சியவர்கள் நாலே பேர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது: ஒரு கிழவர், ஒரு கிழவி, ஒரு இளைஞன், ஒரு இளம்பெண். மபூச்சேக்களின் வேண்டுதல்களில் மேலுலகை விளிக்கும்போதும் இதே நால்வராகத்தான் விளிக்கிறார்கள். மாச்சி எனப்படும் வைத்தியப் பூசாரி, பெரும்பாலும் பெண், அடிக்கும் குல்த்ருன் முரசின் தோலும் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இதைத் தொடக்கக் கதை என்கிறோமே தவிர, இதில் யாரும் எதையும் படைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கதை தொடங்கும்போதே ஊர் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் இரண்டு பாம்புகளுக்கும் அப்பா யார், அந்த அப்பாவுக்கும் சூரியனுக்கும் என்ன பகை என்று கிரேக்கத் தெய்வங்கள் மாதிரி ஒரு பெரிய குடும்ப வரலாறே கிடைக்கும். எனக்கு அந்த வடிவங்கள் பிடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த தியேகோ தெ ரொசாலெஸ் என்ற இயேசு சபைப் பாதிரியாரின் பதிவில் அந்த வம்சாவளி எதுவும் கிடையாது. தப்பியவர்களுக்கு ஒரு பெயர் மட்டும் இருக்கிறது, லியித்துச்சே. லியித்து என்றால் தொடக்கம், சே என்றால் மனிதர். மபு என்றால் நிலம், மபூச்சே நிலத்தின் மனிதர். அவர்களுக்குத் தொடக்கம் என்பது உலகம் உண்டான நாள் அல்ல, மலையிலிருந்து இறங்கிய நாள்.

மூன்று அலமாரிகள்

ஆசிரியரோடு மல்லுக்கட்டுவதற்குச் சான்று தேடித்தான் மபூச்சேக்கள் பேசும் மபுதுங்குன் மொழியின் இலக்கணத்துக்குள் போனேன். போன இடத்தில் எனக்கே அடி விழுந்தது.

அந்த மொழியில் வாய்வழிச் சொல்லல்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. நரியும் புலியும் ஒன்றையொன்று ஏமாற்றுகிற மாதிரிக் கதைகள் எபெவ். நடந்தது என்று சொல்லப்படுவது, குடும்ப வரலாறு, ஊர் எப்படி இங்கே வந்தது, பெரியவர் ஒருவர் அமர்ந்து நிதானமாக எடுத்துச் சொல்வது, இதெல்லாம் நுத்ரம். நுத்ரம் என்றால் உரையாடல் என்றும் பொருள், கேட்பவர் இல்லாமல் அது இல்லை. இதற்கு நடுவே பியாம் என்று ஒன்று. பி என்றால் சொல்லு. பியாம் என்றால் ‘என்று சொல்கிறார்கள்’. வாக்கியத்தின் நடுவில் வரும் சொல்லும் அதுவே, அப்படிச் சொல்லப்படும் வகைக்குப் பெயரும் அதுவே. (கடைசியில் ஒரு ‘ஆம்’ ஒலிப்பது வெறும் தற்செயல். இதை வைத்துக்கொண்டு யாரும் பசிபிக் கடலில் குமரிக்கண்டத்துக்குப் பாலம் போட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.)

அது போதாதென்று வினைச்சொல்லுக்குள்ளேயே ஒரு ஒட்டு. முலெய் என்றால் இருக்கிறது. முலெர்கெய் என்றால் இருக்கிறதாம். நடுவில் நுழையும் அந்த ‘ர்கெ’, நான் கண்ணால் பார்க்கவில்லை, சொல்லித் தெரியும் என்பதற்கான அடையாளம். எதிர்பாராத ஒன்றைத் திடீரென்று கண்டு ‘அட, இங்கேயா இருக்கு!’ என்று வியக்கும்போதும் அதே ஒட்டு வரும். பழங்காலத்தைப் பற்றிப் பேசும்போது ‘ர்கெ’ இல்லாமல் பேசுவது அரிது. ஆக, ஒரு கிழவி கய்கய்யைப் பற்றிச் சொன்னால் ‘ஆம்’ போட்டுத்தான் சொல்லியிருப்பாள். எங்கள் ஆசிரியர் தெரியாமல் செய்தது, இலக்கணப்படி, என் ‘இருந்தது’வைவிட மூலத்துக்கு நெருக்கம்.

இரண்டு நாள் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் யோசித்தால், நம் ஆமும் அவர்கள் ஆமும் ஒரே ஆம்தானா என்பது அடுத்த கேள்வி. தமிழில் ‘ஆம்’ என்றாலே சந்தேகம் என்று சொல்ல முடியாது. ‘பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைச்சிருச்சாம்’ என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை, சந்தோஷமோ வயிற்றெரிச்சலோதான் இருக்கிறது. ‘அவருக்கு உடம்பு முடியலையாம்’ என்று கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் போதும், அவர் ஆபீசுக்கு மட்டம் போட்டிருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் அச்சில், சிறுவர் இதழில், ‘ஒரு பாம்பு இருந்ததாம்’ என்று வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். இது கதை, படித்துவிட்டுத் தூங்கு. ‘ர்கெ’ அப்படிச் சொல்வதில்லை. எபெவிலும் வரும், நுத்ரத்திலும் வரும். இது பொய் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இதற்கு நான் சாட்சி இல்லை, எனக்கு முன்னால் ஒருவர் சொன்னார் என்று மட்டும் சொல்லும். சொன்னவரைக் கைவிடாமல் இருப்பதற்கான ஒட்டு அது. பாம்புகளின் கதை எந்த அலமாரிக்குரியது என்பதிலும் ஒரே பதில் இல்லை. ஒரு தொகுப்பில் எபெவ் என்று போட்டிருப்பார்கள், இன்னொன்றில் நுத்ரம் அல்லது பியாம் என்று. சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அலமாரி மாறுகிறது போல.

மரத்தட்டு

எனக்குத் திருப்பம் வந்தது இலக்கணத்தில் அல்ல, ஒரு தட்டில்.

ரொசாலெஸின் கையெழுத்துப்படி இரண்டு நூற்றாண்டு அச்சேறாமல் கிடந்து 1877இல்தான் சிலியின் வல்பரைசோ நகரில் வெளிவரத் தொடங்கியது. அதில் அவர் ஒரு பக்கம், இவர்களுக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது, வெள்ளம் எப்போது வந்தது என்று இவர்களுக்கே தெரியாது என்று குறைபட்டுக்கொள்கிறார். அதே மூச்சில், ஒவ்வொரு வட்டாரத்திலும் ட்ரெங்ட்ரெங் என்று அந்த நிலப்பாம்பின் பெயர் கொண்ட ஒரு மலை இருக்கிறது, இன்னொரு வெள்ளம் வந்தால் அதில் ஏறித் தப்புவதற்காக இவர்கள் கண்வைத்துக் காத்திருக்கிறார்கள் என்கிறார். முதல் வாசிப்பில் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு மொலினா. சிலியில் பிறந்தவர், இவரும் இயேசு சபை, 1767இல் சபையைச் சிலியிலிருந்து துரத்தியபோது இத்தாலிக்குப் போய் போலோக்னாவில் உட்கார்ந்து தன் நாட்டைப் பற்றி எழுதினார். அவர் சொல்வது இது: நிலம் பலமாக அதிர்ந்தால் போதும், இந்த மக்கள் அந்த மலைகளைப் பார்த்து ஓடுகிறார்கள், கடல் மறுபடி வரும் என்ற பயம். போகும்போது நிறைய உணவும், தலையில் கவிழ்த்துக்கொள்ள மரத்தட்டுகளும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், மலை சூரியன்வரை உயர்ந்துவிட்டால் வெயிலுக்காக. மரம் தீப்பிடித்துவிடாதா, மண்தட்டுதான் உங்களிடம் நிறைய இருக்கிறதே என்று கேட்டால், எங்கள் பெரியவர்கள் எப்போதும் மரத்தட்டுத்தான் கொண்டுபோனார்கள் என்று பதில் சொல்கிறார்களாம்.

மொலினா இதைக் கொஞ்சம் நக்கலோடுதான் எழுதுகிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் அந்தக் காட்சியை விட்டு வெளியே வர முடியவில்லை. தரை ஆடுகிறது, ஒரு பெண் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பிள்ளையை எடுக்கிறாள், மாவு எடுக்கிறாள், அப்புறம் ஒரு தட்டு எடுக்கிறாள். அந்தத் தட்டை எடுக்கும் கையில் இருப்பது இருந்ததா, இருந்ததாமா? நானும் ஆசிரியரும் இவ்வளவு நேரம் சண்டை போட்டது இறந்தகால வினையைப் பற்றி. ரொசாலெஸ் ஆண்டுக் கணக்கு இல்லை என்று குறை சொன்னது இங்கேதான் எனக்கு வேறு மாதிரி விளங்கியது. எப்போது நடந்தது என்ற தேதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எந்த மலை என்பது தேவைப்பட்டது, அதை ஒவ்வொரு வட்டாரமும் பெயரோடு குறித்து வைத்திருந்தது.

இந்த இடத்தில் புவியியல் படித்தவர்கள் கையைத் தூக்குவார்கள், தெரியும். தென் சிலியின் கடலோரத்தில் நாஸ்கா என்னும் கடலடிப் பாறைத் தட்டு கண்டத்துக்கு அடியில் நுழைகிறது. (மறுபடி தட்டு, ஆனால் இது வேறு தட்டு.) 1575, 1737, 1837, 1960 என்று அடுத்தடுத்துப் பெரிய அதிர்ச்சிகள். மௌயின் ஆற்று முகத்துவாரத்தில் மணல் படிவுகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், 1960ஐப் போன்ற ராட்சத நடுக்கங்கள் சராசரியாக 300 ஆண்டுக்கொருமுறை அங்கே வந்திருப்பதாக 2005இல் எழுதினார்கள். நிலம் உயர்வதும் கற்பனை இல்லை. 1835 நடுக்கத்தில் சாந்தா மரியா தீவு மூன்று மீட்டர் அளவுக்கு மேலெழுந்ததை டார்வின் வந்த கப்பலின் ஆட்களே அளந்திருக்கிறார்கள். ஆகவே கய்கய் என்பது சுனாமி, ட்ரெங்ட்ரெங் என்பது நில உயர்வு, முடிந்தது கதை. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இது என்னவோ பாராட்டுகிற மாதிரி பாம்புகளைக் கொல்வதாகப் படுகிறது. கடலுக்குக் கோபம் வரும், நிலத்துக்கு இரக்கம் உண்டு, ஆற்றுக்கும் காட்டுக்கும் ங்கென் என்று உடையவர் ஒருவர் உண்டு, நுழையும் முன் கேட்டுவிட்டு நுழை என்பதெல்லாம் அந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி மட்டும்.

ஆனால் பயன் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010 பிப்ரவரி 27 அதிகாலை, 8.8 அளவு நடுக்கம் வந்தபோது, நாட்டின் சுனாமி எச்சரிக்கை அமைப்பு குழம்பிப்போய், கொடுத்த எச்சரிக்கையைத் தானே ரத்து செய்தது. அதன் பிறகும் கடல் வந்தது. அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடியவர்கள் கடலோரத்தில் நிறைய. தரை ஆடினால் மேலே போ என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

நான் வெட்டிய பகுதி

இவ்வளவு நேரம் ஆசிரியரைக் குற்றம் சொன்னேன். என் பங்கையும் சொல்ல வேண்டும்.

ரொசாலெஸின் பதிவில் தண்ணீர் சும்மா வடிவதில்லை. தப்பியவர்கள் தங்கள் பிள்ளைகளில் ஒருவனை நான்காக வகுத்துக் கடலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதன் பிறகே கடல் இறங்குகிறது. சிறுவர் இதழுக்கு எழுதும்போது இதை நான் வெட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானே வெட்டினேன். 1960 மே 22, உலகில் கருவிகள் பதிவு செய்ததிலேயே மிகப் பெரிய நடுக்கம், 9.5. கடல் புவெர்த்தோ சாவேத்ரா என்ற கடலோர ஊரை வாரிக்கொண்டு போனது, ஹவாயிலும் ஜப்பானிலும்கூட ஆட்கள் செத்தார்கள், இரண்டே நாளில் உள்நாட்டில் எரிமலை ஒன்று வெடித்தது. வாரக்கணக்கில் நிலம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில், புதி ஏரிக்குப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கடலுக்குக் கொடுக்கப்பட்டான். கைதானவர்கள் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தார்கள். மூதாதையர் மரபின் தடுக்க முடியாத உந்துதலால் செய்தார்கள், தம் விருப்பத்தால் அல்ல என்பது நீதிமன்றம் கண்ட காரணம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை தட்டச்சு செய்து அழித்தேன். மபூச்சே என்று தேடும் வெளியாட்கள் இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க அப்படித்தான் என்று பேசுவது வழக்கம். அதே 1960இல் எத்தனையோ ஊர்கள் ஙில்யாத்துன் என்னும் கூட்டு வேண்டுதலைக் கூடிச் செய்து, ஆட்டைக் கொடுத்து, முரசடித்து, அழுது, முடித்துக்கொண்டன. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நீதிமன்றக் காரணமும் எனக்கு உவப்பாக இல்லை. இரக்கம் காட்டுகிற சாக்கில் ஒரு மக்கள்கூட்டத்துக்குச் சொந்த புத்தியே கிடையாது என்று அது சொல்லிவிடுகிறது. அதற்காகச் சிறுவனின் சாவை மரபு என்ற துணியால் மூடவும் மனம் வரவில்லை. தெளிவாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். அழகான தொன்மம், குழந்தைகளுக்கு ஏற்றது, சுற்றுச்சூழல் செய்தி உள்ளது என்று பின்னட்டையில் போடுகிற மாதிரி ஒன்று அல்ல இது. அதை ‘ஆம்’ போட்டு ஆசிரியர் மெத்தென்று ஆக்கினார், கத்தரி போட்டு நான் ஆக்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மலை என்றார் ரொசாலெஸ். ஸ்பெயினை பியோபியோ ஆற்றோடு நிறுத்தி வைத்தவர்கள் இவர்கள். 1641இல் கிலின் என்ற இடத்தில் உட்கார்ந்து ஸ்பானியர்களே அந்த ஆற்றை எல்லையாக ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் சிலி என்ற நாடு உண்டாகி, 1861 முதல் 1883 வரை படையெடுத்துப் பிடித்து, சுமார் 5 லட்சம் ஹெக்டேரை இவர்களுக்குத் துண்டு துண்டாகப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பங்கு போட்ட அளவைக்காரர்களுக்கு எந்தக் குன்று எந்த ஊரின் ட்ரெங்ட்ரெங் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஊர் ஒரு பக்கம், மலை குடியேறியவரின் பண்ணைக்குள், பிறகு அங்கே காகித ஆலைக்கான பைன், யூகலிப்டஸ். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலையில் எப்படி ஏறுவது? நிலத்தைப் பிடுங்கினால் கதையையும் பிடுங்கினதாகிறது என்று மேடையில் சொல்வார்கள், கேட்கும்போது பொதுவாகப் படும். தப்பி ஓட வேண்டிய மலை பூட்டப்பட்டிருக்கிறது என்று யோசித்தால் பொதுவாகப் படுவதில்லை.

பாம்புகள் எங்கும் போய்விடவில்லை. குரிஃபிலு கரும்பாம்பு, மில்யாஃபிலு பொன்பாம்பு, இப்படிக் குடும்பப் பெயர்களில் இன்றும் நெளிகின்றன. 2017 கணக்கெடுப்பில் தங்களை மபூச்சே என்று சொல்லிக்கொண்டவர்கள் சிலியில் மட்டும் 17 லட்சத்துக்கு மேல். தெமுகோ நகரில் கௌதின் ஆற்றின் மேல் கட்டிய புதுப் பாலத்துக்கு ட்ரெங்ட்ரெங் கய்கய் என்றே பெயர். தண்ணீருக்கு மேலே நிலம் என்பதால் வைத்தார்களோ என்னவோ, எனக்கு அது கொஞ்சம் குறும்பாகத் தெரிகிறது.

போன வாரம் திருத்திய கதையை அனுப்பினேன். பாம்புகள் வரும் பகுதியில் ‘ஆம்’களை அப்படியே விட்டுவிட்டேன், ஆனால் முதல் வரியில் ‘ஏரிக்கரையில் ஒரு பாட்டி சொன்னாள், அவளுக்கு அவள் பாட்டி சொன்னாள்’ என்று சேர்த்தேன், அந்த ஆமுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதால். கடலுக்குக் கொடுத்த பிள்ளையை, பெயரில்லாமல், ஒரே வாக்கியத்தில் திரும்ப வைத்தேன். கடைசிப் பத்தியில் ஆம் கிடையாது, இறந்தகாலமும் கிடையாது: தரை ஆடினால் பிள்ளையை எடு, மாவை எடு, மரத்தட்டை எடு, மலைக்குப் போ.

நேற்று ராத்திரி ஆசிரியர் கூப்பிட்டார். பிள்ளை விஷயத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று தயாராக இருந்தேன். அதை ஓவியரிடம் பேசிவிட்டாராம், பிரச்சினை இல்லையாம். “இன்னொரு சந்தேகம் சார். மரத்தட்டு அவ்வளவு வெயில்ல தீப்பிடிச்சுக்காதா? மண்சட்டின்னு மாத்திடவா?”

“மாத்தாதீங்க, அவங்க பெரியவங்க மரத்தட்டுத்தான் கொண்டுபோனாங்களாம்” என்றேன்.